சீதனக் கணக்கு: செட்டிநாட்டில் ஏழு நாள்

முதல் நாள்: பல்லவன்

எழும்பூரில் பல்லவன் ரயில் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக மழை பிடித்தது. பையில் துணி கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஆராய்ச்சிச் சாமான்: மேலிருந்து கீழே பார்த்துப் படம் எடுக்க வளையும் ஸ்டாண்டு, இரண்டு பவர் பேங்க், மருந்துக் கடை முகமூடி ஒரு பெட்டி, தூசி தட்ட மூன்று பெயின்ட் பிரஷ், பழைய தமிழ் எண்கள் எழுதிய ஒரு அட்டை. எதிர் சீட்டு அம்மா பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு, "பெயின்டிங் வேலைக்கா போற?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு, பொருளாதார வரலாறு. இந்த ஆண்டு ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். பர்மாவுக்குப் போய் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்தான் தலைப்பு. "எழுதித் தீர்ந்த விஷயம் ஆச்சே, புதுசா என்ன இருக்கு?" என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். பேராசிரியர் மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "1930இல் பர்மா வங்கி விசாரணைக் குழு ஒரு கணக்கு போட்டதே, படித்தாயா?"

படித்திருந்தேன். பர்மாவில் செட்டியார் கடைகளின் மொத்த முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்கிறது அந்த அறிக்கை. அன்றைய 75 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முதலாளிகளின் சொந்தப் பணம். வெள்ளைக்கார வங்கிகளிடம் வாங்கிய கடன், நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

"சொந்தப் பணம்னா யாரோட சொந்தம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது புதுக்கோட்டை தாண்டி இழுத்துக்கொண்டு போகிறேன். காரைக்குடி சேரும்போது இரவு பத்தரை ஆகிவிட்டது. லாட்ஜ்காரர் தூக்கக் கலக்கத்தில் சாவியைக் கொடுத்தார்.

இரண்டாம் நாள்: முப்பது சாவி

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போக வேண்டிய ஊர். ஊர்ப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் உள்ளே போக முடிந்தது. அதனால் 'வீடு' என்றே எழுதுகிறேன்.

முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு கையால் கட்டினாலும் விரல்கள் சந்திக்கவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன். அதைத் தாண்டினால் பட்டாலை என்கிற கூடம், நடுவில் வானம் தெரியும் வளவு. சுற்றிலும் கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. ஒருகாலத்தில் எழுபது பேர் உண்டு உறங்கிய இடத்தில் இப்போது இருப்பவர் ஒரே ஆச்சி, வயது எண்பத்து நாலு. துணைக்குச் சமையல்காரம்மா. காலையில் வந்து சாயங்காலம் போகும் கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர். கணக்கு எழுத இப்போது ஒன்றும் இல்லை. கரண்டு பில், வீட்டு வரி, கோயில் புள்ளி வரி, அவ்வளவுதான். அவருடைய அப்பா இதே வீட்டில் கணக்கெழுதியவர், அந்தப் பாத்தியதையில் இவரும் வருகிறார்.

"வாங்க ஆத்தா, சாப்பிட்டீகளா?" என்றுதான் ஆச்சி தொடங்கினார். நான் காலை டிபன் முடித்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வந்துவிட்டன. அப்புறம்தான் விசாரணை: "என்னத்தப் பாக்க வந்தீக? எல்லாம் செத்த காகிதம்."

சிக்கல் சாவியில் இருந்தது. வீட்டுக்கு இன்று முப்பது பங்காளிகள். பெட்டியடி அறை, அதாவது பழைய கணக்கறை, பொது. அதற்கு ஆச்சியிடம் சாவி உண்டு. அதை அடுத்த உள்ளறையில்தான் கடைசிக் காலத்துக் கணக்குகள் இருப்பதாக ஐயா சொல்கிறார். அந்தச் சாவி ஒரு பங்காளியிடம் கோயம்புத்தூரில் இருக்கிறது. ஃபோன் போட்டோம். "அனுப்புறேம்மா, கூரியர்ல" என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

சரி, இருப்பதைப் பார்ப்போம் என்று பெட்டியடியைத் திறந்தோம். முதலில் வந்தது வசம்பு வாசனை. அதோடு பழைய காகிதத்தின் புளிப்பு. மூன்று பெட்டகம் நிறையப் பேரேடுகள், சிவப்புத் துணி அட்டை போட்டு நூலால் கட்டியவை. ஒன்றை எடுத்தேன். மேலட்டை திடமாக இருந்தது, உள்ளே கரையான் நடுவில் கிணறு வெட்டியிருந்தது. ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள்: தாது வருஷம்

இன்று நான் செய்த முட்டாள்தனத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பேரேட்டுக் கையெழுத்துக்குப் பழக ஒரு நாள் பிடிக்கிறது. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஆனால் குறிகள் உண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டால் கரையேறலாம். ௹ என்றால் ரூபாய். ௷ வரவு, ௶ பற்று. ௸ என்றால் மேற்படி. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴. என் ஃபோன் கீபோர்டில் இவை ஏதோ அலங்காரம் போல ஒரு மூலையில் கிடக்கின்றன. இங்கே பக்கத்துக்கு நாற்பது தடவை வருகின்றன. அணா பைசாவைக்கூட மாகாணி, வீசம் என்று பின்னத்தில் எழுதியிருக்கிறார்கள். ஐயா அதையெல்லாம் செய்தித்தாள் படிப்பதுபோல வாசித்துக்கொண்டே போகிறார்.

மதியம் ஒரு ஏட்டின் தலைப்பில் 'தாது ௵' என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876 அல்லவா? பஞ்ச காலத்தில் பர்மாவிலிருந்து பணம் வந்ததா போனதா என்று காட்டும் ஏடு கையில் இருக்கிறது என்று நினைத்து, சாப்பிடக்கூடப் போகாமல் அறுபது படம் எடுத்தேன். பேராசிரியருக்குப் பெருமையோடு செய்தியும் அனுப்பினேன்.

சாயங்காலம் ஒரே வரியில் பதில் வந்தது: "ஸ்டாம்பு ஏதாவது ஒட்டியிருந்தால் ராஜா முகத்தைப் பார்."

ஏட்டின் நடுவில் ஒரு ரசீது ஒட்டியிருந்தது. அதில் ஓரணா ஸ்டாம்பு. தாடி வைத்த ராஜா. ஐந்தாம் ஜார்ஜ்! விக்டோரியா மகாராணி இருக்க வேண்டிய இடத்தில் அவர் பேரன். அறுபது வருடச் சுற்றில் தாது மறுபடி வருவது 1936இல். ஒரு முழுச் சுற்று தவறியிருக்கிறேன். ஐயாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "ரங்கூன் பேரு இத்தனை தடவ வருதே பாப்பா, அப்பவே கேட்டிருக்கலாம்ல?" என்றார். கேட்டிருக்கலாம்தான்.

இரவு லாட்ஜில் உட்கார்ந்து யோசித்தபோது, 1936 ஒன்றும் சளைத்ததில்லை என்று பட்டது. 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிப் பயிர் செய்த பர்மிய விவசாயியால் முதலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன்காரன் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1937க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. "எங்களுக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும்" என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நிலத்தைக் கட்டிக்கொண்டு வட்டிக்கடைக்காரன் என்ன செய்வான்? ஆனால் வரப்பில் நின்று பார்த்தவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவன் கண்ணில் பட்டது, அப்பன் காடு வெட்டித் திருத்திய வயல் கடல் தாண்டி வந்தவன் பெயருக்கு மாறியதுதான்.

நான்காம் நாள்: சும்மா அலைந்தது

கடிதத்தில் துறை முத்திரை இல்லை என்று ஓர் ஆவணக் காப்பகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று பஸ் மாறிப் போனது வீண். வரும் வழியில் கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்தே பார்த்தேன்.

மீதிப் பொழுதைக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் கழித்தேன். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், பர்மா அரக்குப் பெட்டி, கதவு நிலை. ஒரு வீட்டைப் பிரித்து வரிசையாக அடுக்கியது போலிருக்கும். ஒரு கடையில் பேரேடுகளும் இருந்தன. "ஹோட்டல்காரங்க அலமாரில வைக்க வாங்குவாங்க. சினிமாக்காரங்களும் வாங்குவாங்க" என்றார் கடைக்காரர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்பார்களா என்றேன். "அட்டை நல்லா இருக்கான்னு கேப்பாங்க."

விலை கேட்டேன். என் உதவித்தொகைக்குக் கட்டுப்படி ஆகவில்லை. அங்கேயே நின்று பத்துப் பக்கம் படித்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூல்கூடப் போட்டுக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள்: பெரிய மருமகள்

சாவி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று அதைப் பற்றிய கவலை இல்லை.

வந்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது பர்மிய விவசாயியை. யாருக்குக் கடன் போனது, எத்தனை ஏக்கருக்கு, என்ன ஈடு. மூன்று பெட்டகத்தில் ஒரு பர்மியப் பெயர்கூட இல்லை. ஏன் என்று ஐயா விளக்கினார். கடன் கொடுத்த ஏடுகள் அங்கே, கடையிலேயே இருக்கும். இங்கே ஊருக்கு வருவது மேலாள் அனுப்பும் ஐந்தொகை, அதாவது மொத்த வரவு செலவு இருப்புக் கணக்கு மட்டும். அதில் பெகு, பாசின், பியாபோன் என்று ஊர்ப் பெயர் இருக்கும், பக்கத்தில் மொத்தத் தொகை இருக்கும். ஆயிரம் விவசாயி சேர்ந்து ஒரு வரி.

மேலாள் என்பவர் கடையை நடத்த மூன்று வருடத் தவணையில் போகும் ஏஜென்ட். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். 'கொண்டுவிக்கப் போறது' என்று பெயர். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். பெண்டாட்டி பிள்ளை இங்கேயே. ரங்கூன் முகல் தெருவில் கடைகளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில். மாதாமாதம் அங்கே கோயிலில் கூடி வட்டி விகிதம் நிர்ணயிப்பார்கள். சாமி முன்னால் நிர்ணயித்ததை மீற ஆள் கிடையாது. இதெல்லாம் புத்தகத்திலும் உண்டு. ஐயா சொல்லும்போது மட்டும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது.

விவசாயியை விட்டுவிட்டு, பணம் வந்த பக்கத்தைப் பார்ப்போம் என்று ஏட்டைத் திருப்பினேன். முதல்பணம், அதாவது வீட்டுச் சொந்த முதல், தனி. பிறத்தியார் போட்டுவைத்த பணம் தனி. அந்தப் பகுதியில் ஆண்களுக்கெல்லாம் விலாசம் இருந்தது. மூன்றெழுத்து, நாலெழுத்து, அப்பன் பாட்டன் பெயரின் முதலெழுத்துகள். எந்த ஊர் எந்த வீடு என்று தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

அப்புறம் விலாசமே இல்லாத சில பக்கங்கள் வந்தன. 'பெரிய மருமகள் சீதன வகை'. 'இரண்டாவது மருமகள் சீதன வகை'. 'பெரியாத்தாள் வகை'. இப்படிப் பதினோரு பக்கம்.

"இது ஆச்சிமார் பணம்" என்றார் ஐயா, சாதாரணமாக.

பெரிய மருமகள் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உ போட்டு, மஞ்சள் தடவிய மூலை. முதல் வரியில் வைகாசியில் ௹ 3001 வரவு. கல்யாண மாதம். மணப்பெண் வீட்டார் சீதனமாகக் கொடுத்த பணம், புருஷன் கைக்குப் போகாமல் அவள் கணக்கில் ஏறுகிறது. அதற்கப்புறம் வருடா வருடம் வட்டி வரவு, வட்டி முதலோடு சேர்ந்து மறுபடி வட்டி. பற்றுப் பக்கம் கிட்டத்தட்டக் காலி. பதினாறு வருடத்தில் நாலே வரி. பிள்ளைக்குக் காது குத்து. தம்பி கல்யாணத்துக்கு முறை செய்தது. திருவண்ணாமலை யாத்திரை. நாலாவது வரி கரையானுக்குப் போய்விட்டது.

நான் அப்படியே நின்றது அடுத்த ஏட்டைப் பார்த்தபோது. அதே வைகாசியில் 3001 வந்தது. ஆனி பிறந்து பத்து நாளில் 'ரங்கூன் கடைக்கு உண்டியல்' (பணம் அனுப்பும் சீட்டு) என்று 3000 பற்று. ரூபாய் வீட்டில் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. மஞ்சள் வாசம் போவதற்குள் கப்பல் ஏறிவிட்டது. மீதி ஒரு ரூபாயைச் சாமிக்கு முடிந்து வைத்திருப்பார்கள் என்கிறார் ஐயா. அதற்கு ஏட்டில் சாட்சி இல்லை, அவர் ஊகம்தான். எனக்குப் பிடித்திருக்கிறது.

பதினோரு பக்கத்தில் ஏழு பக்கத்துக்கு இப்படிப் பின்தொடர முடிந்தது. ஐந்து ரங்கூனுக்குப் போயிருக்கிறது, இரண்டு மோல்மினுக்கு. இது ஒரு வீட்டுக் கதை. இதை வைத்து 'பர்மாவின் வயல்களைத் திருத்தியது செட்டிநாட்டுப் பெண்களின் சீதனம்' என்று தலைப்புப் போட்டால் பேராசிரியர் ஆய்வேட்டைக் கிழித்துப் போடுவார். போடவும் கூடாது. ஆனால் அறிக்கையில் 'சொந்தப் பணம்' என்று ஒரே கட்டத்துக்குள் அடைத்துவைத்த தொகைக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது. குழு முன் வந்து சாட்சி சொன்னவர்கள் ஆண்கள். சொந்தம் என்று அவர்கள் சொன்னபோது வீட்டில் யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

பெயர் இல்லாததுதான் வேதனை. எந்தப் பெரிய மருமகள்? பத்து வருடம் கழித்து வரும் ஏட்டில் 'பெரிய மருமகள்' என்பவர் இவரா, அடுத்த தலைமுறையா? ஆச்சியிடம் கேட்டேன். "இசைகுடிமானம் பாருங்க, அதுல இருக்கும்" என்றார். கல்யாணத்தைப் பதிந்து இரு வீட்டாரும் கையெழுத்துப் போடும் பத்திரம் அது. எங்கே இருக்கிறது? உள்ளறையில். சாவி? கோயம்புத்தூரில்.

மதியம் கவுனி அரிசிப் பாயசம். இந்தக் கறுப்பரிசியும் பர்மாவிலிருந்து வந்ததுதான் என்று செட்டிநாட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏட்டில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாயசம் இரண்டு கிண்ணம் ஆயிற்று.

ஆறாம் நாள்: பர்மா காலனி

ஞாயிற்றுக்கிழமை, ஐயாவுக்கு விடுமுறை. காரைக்குடியிலேயே பர்மா காலனி என்று ஓர் இடம் இருப்பது பஸ் போர்டில் பார்த்தபிறகுதான் உறைத்தது. அரண்மனைகளைப் பார்க்க வருகிறவர்கள் இங்கே வருவதில்லை.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். இதில் செட்டியார்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் நின்றவர்கள், அறுவடைக்குப் போனவர்கள், சின்னக் கடை வைத்தவர்கள். தெலுங்கர்களும் தமிழர்களும் ஒரியர்களும். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். போருக்குப் பின் திரும்பிப் போனவர்களும், போகாமல் அங்கேயே கிடந்தவர்களும், 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபிறகு கப்பலில் வந்து சேர்ந்தார்கள்.

டீக்கடையில் விசாரித்து ஒரு பாட்டியிடம் போனேன். எட்டு வயதில் கப்பலில் வந்தவர். நான் பொருளாதாரம், நிலம் என்று ஏதேதோ கேட்டேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று. கப்பல் ஏறும் முன் சோதனையில் அம்மா காதில் கிடந்ததைக் கழற்றச் சொன்னார்களாம். அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டு, துளை தூர்ந்துபோகக் கூடாதென்று சென்னை வரும்வரை காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாராம். "அந்தக் குச்சிய நான்தான் ஒடிச்சுக் குடுப்பேன்" என்றார்.

செட்டியார் கடை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நாங்க கூலிக்காரங்க. எங்களுக்கு எவன் கடன் குடுப்பான்?" என்று சிரித்தார். திரும்பி வரும்போது தெருமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டேன். முட்டை போட்டால் பத்து ரூபாய் கூட.

ஏழாம் நாள்: உள்ளறை

காலை பதினோரு மணிக்குக் கூரியர் வந்தது. ஒரு சாவி, அதைச் சுற்றி இத்தனை பபுள் ரேப்பர். ஐயா அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூட்டுக்கு அரை மணி நேரம் தேங்காயெண்ணெய் விட வேண்டியிருந்தது.

இசைகுடிமானம் இருந்தது. ஒரு தகரக் குழாயில் சுருட்டியபடி எட்டு. பிரித்தால் உடையும் என்பதால் இரண்டை மட்டும் பார்த்தேன். மீதிக்குச் சென்னையிலிருந்து முறையாகப் பயிற்சி உள்ளவர்களைக் கூட்டி வர வேண்டும். முடிந்தால் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததெல்லாம் இப்போது இருக்கும் தரமணி நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். பார்த்த இரண்டில் ஒன்று எனக்கு வேண்டிய வைகாசி. பெரிய மருமகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வாக்குப்படி இங்கே எழுதவில்லை.

கடைசி ஏடு அலமாரியின் மேல்தட்டில். விஷு வருடம், அதாவது 1941 சித்திரை முதல். அதற்கு நாலு வருடம் முன்னால்தான், 1937 பிப்ரவரியில், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் கதவு திறந்தது. அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது அந்த மூன்று ஊரையும் இணைத்த கோட்டின் மேல். இந்த ஏட்டிலும் ஐப்பசி வரைக்கும் பக்கம் நிறைந்திருக்கிறது. மார்கழியில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அதற்கப்புறம் பக்கத்துக்கு இரண்டு வரி, மூன்று வரி. மாசியோடு நின்றுவிட்டது. அந்த மாசியில்தான் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. நல்ல கெட்டிக் காகிதம், கோடு போட்டது, ஒன்றும் எழுதாமல் வரிசையாகப் போகிறது.

புரட்டிக்கொண்டே போனேன். நாற்பது வெற்றுப் பக்கம் தாண்டி மறுபடி எழுத்து. பென்சிலில், வேறு கை, கொஞ்சம் கோணல். ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது. படித்தால், பால் கணக்கு. காலை உழக்கு, மாலை ஆழாக்கு. இன்று வரவில்லை. தண்ணீர் பால், கண்டித்தாயிற்று. வண்ணானுக்குப் போட்ட துணி: வேட்டி 6, சேலை 4, துண்டு 9. தேதிக்கு இங்கிலீஷ் வருடம், 1953. காகிதத்தை வீணாக்க மனம் வராமல் ரங்கூன் பேரேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். பாலுக்கும் ௷, ௶ அப்படியே.

ஏட்டை வளவுக்குக் கொண்டுவந்து ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தவர், "இது எங்க மாமியா எழுத்து" என்றார். கொஞ்ச நேரம் விரலை அந்தப் பென்சில் கோட்டின்மேல் வைத்திருந்தார். நான் கல்யாண வருடத்தைக் கேட்டு, பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பால் கணக்கு எழுதியவர்தான் பெரிய மருமகள்.

"சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக, ரங்கூன்ல என் காசு கிடக்கு, ரங்கூன்ல என் காசு கிடக்குன்னு. நாங்கள்லாம் பேச்சுக்குச் சொல்றாகன்னு நெனச்சோம். நெசமாவே கிடந்துச்சா?"

கிடந்தது என்றேன்.

"எம்புட்டு?"

விஷு வருட ஏட்டில் சீதன வகையைத் திருப்பினேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் வாய்ப்பாடு ஓட, அங்கிருந்து இன்றுவரை வட்டி போடத் தொடங்கிவிட்டார். ஆச்சி கையமர்த்தினார்.

"வட்டியெல்லாம் வேண்டாம் பிள்ளை. முதலை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"மூவாயிரத்து ஒண்ணு, ஆச்சி" என்றேன்.